டீ நேரத்தில் பக்கத்தில் யார்?

உங்கள் கடிதத்தின் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. சூப்பர் மார்க்கெட் வேலைக்குப் பையனை அனுப்பலாமா என்றால், அனுப்புங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் அறிவுசார் குறைபாடு 50 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, தாங்குவானா என்று இரண்டு பக்கத்துக்குக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சதவீதம் சலுகைக்கான கணக்கு. 40-ம் அதற்கு மேலும் இருந்தால் சட்டப்படி சில உரிமைகள் வரும், அவ்வளவுதான். பிஸ்கட் பாக்கெட்டைத் தேதி பார்த்து, பழையதை முன்னால் வைத்து அடுக்க வருமா என்பது அட்டையில் இருக்காது.

அரசு வேலைக்குக் காத்திருக்கலாமே என்கிறார் பையனின் அப்பா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 4 சதவீத இடஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் அதில் ஒரே ஒரு சதவீதத்தைத்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருங்கள், அது பாட்டுக்கு நடக்கட்டும். அதற்காக வீட்டில் உட்கார்த்தி வைக்காதீர்கள்.

சம்பளம், பிஎஃப், ஷிப்ட், பஸ் எல்லாம் கேட்டீர்கள். உங்கள் மகன் பக்கத்தில் யார் வேலை பார்க்கப்போகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. (மேலே நானும் 'பையன்' என்றுதான் எழுதியிருக்கிறேன், பாருங்கள். 24 வயது ஆள். கடையில் போய் 'குழந்தை மாதிரி சார்' என்று அறிமுகப்படுத்திவிடாதீர்கள், பிறகு எல்லாரும் அப்படியே நடத்துவார்கள்.)

நான் வேலையில் சேர்த்துவிட்டவர்களில் வேலை தெரியாமல் வேலையை விட்டவர்கள் குறைவு, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் விட்டவர்கள்தான் அதிகம். ஒருவர் பேக்கிங் பிரிவில் நான்கு மாதம் ஒரு நாள் கூட லீவு போடாமல் போனார், ஐந்தாவது மாதம் திடீரென்று கிளம்ப மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார், யாரோ திட்டியிருப்பார்கள் என்று வீட்டில் நினைத்தார்கள். போய் விசாரித்தால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே மேசையில் ஒரு அண்ணன் இருந்தாராம், டீ நேரம் வந்ததும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார், இவர் எழுந்து கூடப் போவார். அண்ணன் நைட் ஷிப்ட்டுக்கு மாறிவிட்டார். அதற்கப்புறம் இவர் தினமும் டீ நேரத்தில் கேட் வரைக்கும் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் 'வாடா' என்று கூப்பிடவில்லை. விஷயம் தெரியும்போது தாமதமாகிவிட்டது, அந்த வேலைக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. இரண்டு பேரைப் பழக்கி வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதெல்லாம் எனக்கு மட்டும் தோன்றியதில்லை. 1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், எதற்கும் ஆகமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 15 உதிரி பாகம் கொண்ட சைக்கிள் பிரேக்கை மாட்டக் கற்றுக்கொடுத்தார், வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துத்தான். பிறகு வேலையிடத்துக்கே கூடப் போய்ப் பழக்கிவிடும் ஜாப் கோச் முறை வந்தது. நல்ல முறைதான், ஆனால் கோச் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே நின்றால் மற்றவர்கள் 'அவருக்குத்தான் ஆள் இருக்கிறதே' என்று ஒதுங்கிவிடுவார்கள். 1988-ல் ஜேன் நிஸ்பெட், டேவிட் ஹேக்னர் என்ற ஆய்வாளர்கள், கூட வேலை செய்பவர்களின் துணையையே நம்பலாமே என்று எழுதினார்கள். இங்கே பல ஊர்களில் ஜாப் கோச்சே கிடையாது, அந்த இடத்தில் அம்மாதான் போய் நிற்கிறார். முதல் நாள் போங்கள், அறிமுகப்படுத்துங்கள், வந்துவிடுங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்று பார்க்க வேண்டாம்.

அதற்கு முன் மேலாளரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பிரிவில் நாலைந்து வருடமாக இருப்பவர், வாய் நிறையப் பேசுபவர் யார்? அவர்தான் வேண்டும். 'ஐயோ பாவம்' என்று உருகுபவர் வேண்டாம், இவர் வேலையையும் சேர்த்து அவரே செய்துவிடுவார், உங்கள் மகன் சும்மா நிற்பார்.

அந்த வாய் நிறையப் பேசுபவருக்குக் கொடுக்க அரைப்பக்கம் எழுதுங்கள். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, மகன் சொல்வதாகவே எழுதுங்கள். ஐக்யூ எண் எல்லாம் வேண்டாம். 'அங்கே வை என்றால் எனக்குப் புரியாது, மூன்றாவது தட்டில் வை என்று சொல்லுங்கள். ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். சத்தம் போட்டால் சிரித்துவிடுவேன், அது திமிர் இல்லை, பயம். சிஎஸ்கே மேட்ச் எல்லாம் பார்ப்பேன்.' இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் வேலைக்கு, மறுநாள் காலையில் 'நேற்று மேட்ச் பார்த்தியா' என்று ஒருவர் கேட்பது இந்த வரியால்தான்.

ஒட்டிப் பழகினால் ஏமாற்றுவார்களே என்ற பயம் நியாயமானது. சம்பள நாளில் கைமாற்று கேட்பது, தன் மூட்டையையும் இவர் தலையில் ஏற்றுவது, இதெல்லாம் நடக்கும். பணத்தை வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள், 'அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்தை வீட்டில் பத்துத் தடவை நடித்துப் பழக்குங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 2017 விதிகள் சொல்கின்றன. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் நாளே அதை எடுத்து நீட்டாதீர்கள். பிரச்சினை பெரிதானால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, நானும் வருகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் 'வேலை எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்தது' என்பதோடு முடிந்துவிடும். 'இன்றைக்கு யாரோடு டீ குடித்தாய்' என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் எனக்கு எழுதுங்கள். இரண்டு வாரமாகியும் எந்தப் பெயரும் வரவில்லை என்றாலும் எழுதுங்கள், மேலாளரிடம் நான் பேசுகிறேன், அதற்குள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.