கான்ஃபிக் ஃபைலைப் படிக்க வெளி லைப்ரரி வேண்டுமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சி மொழியில் சின்னதாக ஒரு ப்ராக்ஸி சர்வர் எழுதுகிறேன். கான்ஃபிக் ஃபைலில் போர்ட், லாக் ஃபைல், டைம்அவுட் போன்ற செட்டிங்ஸ் அவ்வளவுதான். யாமல் ஃபார்மட்டைப் படிக்கும் லிப்யாமல் லைப்ரரியைச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வரிக்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு என்று வைத்துக்கொண்டால் இருநூறு வரி கோடே தாராளம். ரெடிஸ், என்ஜின்எக்ஸ், ஓப்பன்எஸ்எஸ்எச் போன்ற பிரபல சர்வர்கள் எல்லாமே தங்கள் கான்ஃபிக் பார்சரை, அதாவது ஃபைலைப் படித்துப் பிரிக்கும் கோடை, தாங்களே எழுதி வைத்திருக்கின்றன. ஒன்றை மட்டும் விட்டுவிடாதே: தெரியாத பெயர் வந்தால் பேசாமல் தாண்டிப் போகக் கூடாது, ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் சொல்லிவிட்டு சர்வர் கிளம்பாமல் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ டைம்அவுட்டைத் தப்பாக டைப் செய்து, சர்வர் டீஃபால்ட் மதிப்பிலேயே மாதக்கணக்கில் ஓடும்.

கேள்வி: அப்போ யாமலுக்கும் நானே பார்சர் எழுதிவிடலாமே?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யாமல் 1.1-இல் மேற்கோள்குறி இல்லாமல் 'நோ' (no) என்று எழுதினால் அது பூலியன், அதாவது உண்மை/பொய் மதிப்பு, ஆகிவிடும், நார்வேயின் நாட்டுக் குறியீடும் அதே இரண்டு எழுத்துதான். அப்புறம் அலையஸ் இருக்கிறது, ஃபைலில் ஒரு முறை எழுதிய பகுதியைப் பெயர் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிடும் வசதி. குட்டி ஃபைல் ஒன்று விரிந்துகொண்டே போய் ஏபிஐ சர்வரின் மெமரியைத் தின்னும் ஓட்டை 2019-இல், கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெடிஸிலேயே வெளிவந்தது. அடுத்தவர் வகுத்த ஃபார்மட் என்றால் லைப்ரரிதான் சரி.

கேள்வி: நல்ல லைப்ரரியாகப் பார்த்து எடுத்தால் என்ன ஆபத்து?

பதில்: இன்றைக்கு நல்லதாக இருப்பது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரஸ்ட் உலகில் எத்தனையோ பேர் நம்பியிருந்த செர்டே யாமல் என்ற யாமல் லைப்ரரி 2024-இல் பராமரிப்பின்றி நிறுத்தப்பட்டது. அதே வருடம் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் யாரோ ரகசியமாகப் பின்வாசல் வைத்த விவகாரம். அது கான்ஃபிக் லைப்ரரி இல்லைதான், ஆனால் வந்த வழியைப் பாருங்கள்: லினக்ஸில் சர்வர்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு "நான் தயார்" என்று ஒரு சின்னச் செய்தி அனுப்புவதற்காக சில லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் எஸ்எஸ்எச் சர்வரில் லிப்சிஸ்டம்டியை இணைத்தன, அது எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏவை இழுத்து வந்தது, அதற்குள்தான் பின்வாசல் இருந்தது. பிறகு 9.8 பதிப்பில் ஓப்பன்எஸ்எஸ்எச் அந்தச் செய்தியை எந்த லைப்ரரியும் இல்லாமல் தானே அனுப்பத் தொடங்கியது. பல சர்வர்கள் கான்ஃபிக்கைப் படிப்பது ரூட் உரிமையோடு, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தோடு, இருக்கும்போதுதான். அந்த நேரத்தில் லைப்ரரிக்கும் அதே உரிமைதான், அதனால் அது பின்னால் எதையெல்லாம் இழுத்து வருகிறது என்று பார்க்காமல் சேர்க்கவே கூடாது.

கேள்வி: பைத்தானில்?

பதில்: 3.11 முதல் டாம்ல் என்ற கான்ஃபிக் ஃபார்மட்டைப் படிக்கும் வசதி கூடவே வருகிறது. எழுத முடியாது, படிக்க மட்டும்தான், சர்வருக்கு அதுவே போதும்.

கேள்வி: சார், எங்கள் கோடில் லைப்ரரி ஏற்கெனவே எல்லா இடத்திலும் பரவிவிட்டது.

பதில்: உடனே பிடுங்க வேண்டாம். அதைக் கூப்பிடும் வேலையை ஒரே ஃபைலுக்குள் கொண்டுவாருங்கள், மற்ற கோடுக்கு உங்கள் சொந்த ஸ்ட்ரக்ட் மட்டும் போகட்டும். நாளைக்கு மாற்ற வேண்டி வந்தாலும் அந்த ஒரு ஃபைலோடு வேலை முடிந்துவிடும்.