லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி: சாலைப் பள்ளம் முதல் மலைச் சேறு வரை, கேள்வி பதில்

கேள்வி: ஆல்டடீனாவில் இருக்கிறோம். தெருவில் பள்ளம். பாசடீனா நகராட்சியைக் கேட்டால் "எங்கள் எல்லை இல்லை" என்கிறார்கள். யாரிடம் போவது, சார்?

பதில்: அவர்கள் சொன்னது சரிதான். ஆல்டடீனாவுக்கு நகராட்சியே கிடையாது. கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அதற்குள் 88 நகரங்கள் உண்டு. எதிலும் சேராத பகுதிகளில் சுமார் பத்து லட்சம் பேர் வசிக்கிறார்கள். ஆல்டடீனாவும் அப்படித்தான். அங்கே சாலை, சாக்கடை, கட்டட அனுமதி எல்லாமே கவுண்டி பொதுப்பணித் துறையின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலை என்றால் மட்டும் கால்டிரான்ஸ், அதாவது கலிஃபோர்னியா மாநிலப் போக்குவரத்துத் துறை.

கேள்வி: வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிற வாய்க்கால்களுக்கு இத்தனை கான்கிரீட் எதற்கு?

பதில்: தண்ணீரை விட மலைதான் பெரிய தலைவலி. சான் கேப்ரியல் மலை செங்குத்தானது. காட்டுத்தீ செடிகொடிகளை எரித்துவிட்டால் அடுத்த மழைக்குப் பாறையும் சேறும் சேர்ந்து இறங்கும். 1934 புத்தாண்டு இரவில் மலையடிவாரத்து மாண்ட்ரோஸ், லா கிரெசென்டா பக்கம் பல உயிர்கள் போனது இப்படித்தான். முந்தைய நவம்பரில்தான் மேலே காடு எரிந்திருந்தது.

அதனால் பள்ளத்தாக்கு வாய்களில் பெரிய குழிகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லும் சேறும் அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வாய்க்காலுக்குப் போகும். குழியைக் கட்டுவது ஒருமுறை வேலை, தூர்வாருவதுதான் ஓயாத வேலை. 1920-இல் கட்டிய டெவில்ஸ் கேட் அணையில் 2009 காட்டுத்தீக்குப் பிறகு வண்டல் குவிந்தது. அள்ள ஆரம்பித்ததோ 2019-இல்! லாரிப் புகை, அணைக்குள் வளர்ந்துவிட்ட மரங்கள் என்று எதிர்ப்பு, வழக்கு. எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனாலும் பத்து வருஷம் இழுத்தது ஆபத்தான சூதாட்டம் என்பேன்.

கேள்வி: அப்போ மழைத்தண்ணீர் மொத்தமும் கடலுக்கா, அண்ணா?

பதில்: இல்லை. சான் கேப்ரியல் ஆற்றில் ரப்பர் அணைகளைப் பார்த்திருக்கலாம். காற்றடித்து உப்ப வைத்து, தண்ணீரை மறித்து, பக்கத்து மணல் குளங்களில் தேக்குவார்கள். அது இறங்கி நிலத்தடி நீராகும். வெள்ளம் பெரிதானால் காற்றை இறக்கிவிடுவார்கள்.

கேள்வி: சொத்து வரி ரசீதில் மழைநீருக்கென்று ஒரு தொகை. எப்படிக் கணக்கு?

பதில்: 2018-இல் மக்கள் வாக்களித்து வந்த வரி. தண்ணீர் இறங்காத பரப்புக்கு மட்டும், அதாவது கூரை, சிமென்ட் தரை போன்றவற்றுக்கு, சதுர அடிக்கு வருஷம் 2.5 சென்ட். 2,000 சதுர அடி என்றால் 50 டாலர். தோட்டத்து மண்ணுக்கு வரி இல்லை.