"பிடிடா" என்று பறந்து வரும் கெப்பாசிட்டர்

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்த என் தம்பி ஒரு சர்வீஸ் சென்டரில் அப்ரண்டிஸாக இருக்கிறான். சீனியர்கள் கெப்பாசிட்டரில் (கரண்ட் சார்ஜைச் சேமித்து வைக்கும் பாகம்) சார்ஜ் ஏற்றி, "பிடிடா" என்று அவனிடம் தூக்கிப் போடுகிறார்கள். போன வாரம் ரொம்ப நேரம் கை மரத்துக் கிடந்தது. கேட்டால், "நாங்களும் வாங்கினதுதான்" என்கிறார்களாம். இது ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். புதுப்பையனை இடது கை ஸ்க்ரூடிரைவர் வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு அனுப்பினால், அசடு வழிவதோடு போய்விடும். இது அப்படியில்லை.

அவர்கள் எடுப்பது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை போர்டில் இருக்கும் 400 அல்லது 450 வோல்ட் குண்டு கெப்பாசிட்டராக இருக்கும். 230 வோல்ட் ஏசி, டயோடு பிரிட்ஜ் வழியாக அதில் சுமார் 325 வோல்ட் டிசியாக ஏறுகிறது. கெப்பாசிட்டரின் கொள்ளளவு 220 மைக்ரோஃபாரட் என்றால், அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 12 ஜூல். ஒரு கை விரல்கள் கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் (கரண்ட் முனைகளை) தொட்டால் ஷாக் அந்தக் கையோடு நிற்கும். இரண்டு கையாலும் பிடித்து, கைக்கொரு கால் பட்டால் கரண்ட் நெஞ்சைக் கடக்கும். தூக்கிப் போட்டதை எப்படிப் பிடிப்பான் என்று யாருக்குத் தெரியும்? ஷாக்கில் வெடுக்கென்று இழுக்கும் கை சூடான சால்டரிங் அயர்னிலோ, பக்கத்தில் சப்ளையோடு திறந்து கிடக்கும் போர்டிலோ விழலாம். எனக்கு அதிகக் கவலை இதில்தான். மைக்ரோவேவ் ஓவன் கெப்பாசிட்டரை வைத்து ஒருபோதும் விளையாடக் கூடாது. அதில் ஆயிரக்கணக்கில் வோல்ட் இருக்கும், ஆளையே கொல்லும்.

தம்பி ஒன்று பழக வேண்டும். மேஜையில் கிடக்கும் எந்தக் கெப்பாசிட்டரையும் சார்ஜ் இருப்பதாகவே நினைக்கட்டும். ரிப்பேருக்கு வரும் போர்டும் அப்படித்தான்: சப்ளை ஓடாமல் செத்திருந்தால் சார்ஜ் இறங்க வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டருக்கு இன்சுலேஷன் போட்ட வயர் வைத்து, இரண்டு காலிலும் ஐந்தாறு விநாடி பிடிக்கட்டும். அப்புறம் மீட்டரை டிசி ரேஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடட்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம், பொறி கண்ணில் தெறிக்கும்.

ஓனரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின்படி, பயிற்சியில் நடக்கும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. தம்பி அந்தச் சட்டப்படி பதிவானவனா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். கை இன்னும் மரத்திருந்தாலோ, தீக்காயம், படபடப்பு, மயக்கம் இருந்தாலோ இன்றே டாக்டரிடம் காட்டி இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.