குழந்தைகள் விழாவில் பலூன் பொம்மை செய்பவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

புதிதாகப் பலூன் பொம்மை செய்ய ஆரம்பித்திருக்கிறேன், குழந்தைகளின் பாதுகாப்புக்கு எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தரையைப் பாருங்கள், அதுதான் என் முதல் பதில்.

ஊதிய பலூனைவிட வெடித்த பலூனும் ஊதாத பலூனும்தான் ஆபத்து. நாணயமோ மணியோ தொண்டையில் சிக்கினால் ஓரமாகக் கொஞ்சம் காற்று போக வாய்ப்பிருக்கிறது, ஆனால் ரப்பர் துண்டு மூச்சுக்குழாயின் வாயில் அப்படியே படிந்து சவ்வு போல மூடிவிடும், குழந்தை மூச்சை இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போகும். முதுகில் தட்டினாலும் எளிதில் வெளியே வராது. அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலூன் பாக்கெட்டில் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான எச்சரிக்கை இருக்கிறது. நம்மில் பலர் 3 வயது வரைதான் கவலை என்று நினைக்கிறோம், அது தவறு.

ஒரு பிறந்தநாள் விழாவில் நான் செய்து கொடுத்த நாய் வெடித்தது. அண்ணன்காரன் அழுதான், எல்லாரும் அவனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தோம், நானும் அடுத்ததை முறுக்கத் தொடங்கிவிட்டேன். தவழ்கிற தங்கை அதற்குள் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துவிட்டாள். பாட்டி பார்த்துப் பிடுங்கினார். அன்றிலிருந்து வெடிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முதலில் துண்டுகளைப் பொறுக்குகிறேன், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. இடுப்பில் ஜிப் வைத்த பை ஒன்று, குப்பைக்கு மட்டும்.

வாயால் ஊதாதீர்கள், பம்ப் வையுங்கள். நீங்கள் செய்வதைத்தான் குழந்தைகள் வீட்டில் செய்து பார்ப்பார்கள். 260 அளவு என்று சொல்கிற, முறுக்கிப் பொம்மை செய்யும் நீள பலூனில் முனையில் காற்றில்லாத வால் மிச்சம் இருக்கும் இல்லையா, சின்னவர்கள் அதைத்தான் சப்புவார்கள். முழுவதும் விறைப்பாக ஊதினால் முறுக்கும்போதே வெடிக்கும், அதனால் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு முடிச்சுப் போட்டு, வால் நீளமாகத் தொங்காதபடி பொம்மைக்குள்ளேயே மடக்கிவிடுங்கள். முறுக்கும்போது குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், வெடித்தால் கண்ணில் அடிக்கும்.

3 வயதுக்குக் கீழே நான் குழந்தையின் கையில் கொடுப்பதே இல்லை, ஸ்டிக்கர் கொடுத்துவிடுவேன். பெற்றோர் வற்புறுத்தினால் அவர் கையில் கொடுத்து, காரணத்தையும் சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ரப்பர் ஒவ்வாமை பற்றித் தொடங்கும் முன்பே விழா நடத்துபவரிடம் கேட்டுவிடுங்கள். பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட குழந்தைகளிடம், குறிப்பாக முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறந்தவர்களிடம், இது அதிகம். வாழைப்பழம், கிவி, அவகாடோ ஒத்துக்கொள்ளாத சிலருக்கும் ரப்பர் ஒத்துக்கொள்ளாது. தொட வேண்டும் என்றுகூட இல்லை, பலூனுக்குள் இருக்கும் பவுடர் காற்றில் கலந்தாலே சிலருக்கு மூச்சுத்திணறல் வரும். அப்படி ஒரு குழந்தை வருகிறது என்றால் அன்றைக்கு ரப்பர் பலூனே வேண்டாம், ஃபாயில் பலூனுக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம், முதலுதவி வகுப்புக்கு நேரில் போங்கள். மூச்சு அடைத்துவிட்டால், ஒரு வயதுக்கு மேல் முதுகில் 5 தட்டு, வயிற்றில் 5 அழுத்தம் என்று மாறி மாறி. அதற்குக் கீழே வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான். துண்டு கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.