கேம் இலவசமானாலும் சந்தா தானாக நிற்காது

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் கம்ப்யூட்டரில் ஒரு ஆன்லைன் கேம் விளையாடுகிறான். ஒரு வீரனை உருவாக்கி, ஊர் ஊராகச் சுற்றி, சண்டை போட்டுப் பொருள் சேர்க்கும் விளையாட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தா. முதலில் பிரான்சில் இருக்கும் என் கொழுந்தனார் தன் கார்டைப் போட்டுக் கொடுத்தார். இப்போது என் கணவரின் டெபிட் கார்டிலிருந்து போகிறது. அடுத்த மாதம் முதல் கேம் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் மகனோ, "பணம் கட்டுவதை நிறுத்தினால் நான் சேர்த்ததெல்லாம் பூட்டிக்கொள்ளும்" என்கிறான். அவனுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர், சந்தாவைக் கேன்சல் செய்து மீதிப் பணத்தை வாங்கித் தருவதாகவும், கேம் கணக்கை நல்ல விலைக்கு விற்றுத் தருவதாகவும் சொல்கிறாராம். பேசாமல் கார்டை பிளாக் செய்துவிடலாமா?

பதில் (நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):

கார்டை பிளாக் செய்ய வேண்டாம் அம்மா. அந்தக் கடைக்காரரிடம் கார்டு, பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் கொடுக்கவும் வேண்டாம். சந்தாவை நிறுத்த உங்கள் கணவரும் மகனும் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

இலவசம் என்று அறிவித்துவிட்டார்களே, இனி பணம் எடுக்க மாட்டார்கள் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இந்த மாதிரி கேம்கள் இலவசத்துக்கு மாறும்போது சந்தாவை ஒழித்துவிடுவதில்லை. அதற்கு விஐபி, பிரீமியம் என்று ஏதாவது ஒரு பெயர் வைத்து, கூடுதல் வசதிகளைச் சேர்த்து, விருப்பமுள்ளவர்கள் கட்டலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே சந்தா கட்டிவந்தவர் பெரும்பாலும் அந்த விஐபி பட்டியலுக்குத் தானாகப் போய்விடுவார். தவணை வந்ததும் பழைய அனுமதியின் பேரில் பணம் போகும். வேண்டாம் என்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. சந்தா கேமாக இருந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்' 2009இல் இலவசமானது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்' 2010இல் மாறியது. 2011 டிசம்பரில் சந்தாவோடு வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' ஒரு வருடம்கூடத் தாங்காமல் 2012 நவம்பரில் கதவைத் திறந்துவிட்டது. சந்தாக்காரர்கள் குறையும்போது கூட்டத்தை உள்ளே விட்டு, உள்ளே கடை போட்டு விற்பதுதான் கணக்கு. அந்தக் கடையில் எதையாவது விற்க வேண்டுமென்றால் இலவச ஆட்டக்காரருக்கு எதையாவது குறைத்துத்தானே ஆக வேண்டும்? ஸ்டார் வார்ஸ் கேமில் சந்தாவை நிறுத்தியவர் கையில் வைத்திருக்கக்கூடிய கேம் காசுக்கு ஓர் உச்சவரம்பு போட்டார்கள். அதற்கு மேல் இருந்த காசு தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியும், செலவழிக்க முடியாது. மற்ற கேம்களில் பை சிறிதாகும், அல்லது இத்தனை வீரர்களை மட்டும்தான் வைத்து ஆடலாம் என்பார்கள். ஆக, பூட்டு உண்மைதான். ஆனால் பூட்டுவது வேறு, அழிப்பது வேறு. கட்டிய காலம் முடிவதற்குள் காசைப் பொருளாக மாற்றிக்கொள்ளவும், எந்த வீரன் முக்கியம் என்று முடிவு செய்யவும் மகனிடம் சொல்லுங்கள். இந்த மாற்றத்துக்கென்று நிறுவனம் ஒரு கேள்வி பதில் பக்கம் போட்டிருக்கும். அதை அவன் உங்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

நிறுத்துவதை எங்கே தொடங்குவது? முதலில் கேமின் சொந்த இணையதளத்தில் கணக்கைத் திறந்து, சந்தா பக்கத்தில் 'தானாகப் புதுப்பித்தல்' என்பதை நிறுத்த வேண்டும். கூகுள் பிளே வழியாகவோ, கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் வழியாகவோ சந்தா எடுத்திருந்தால் அங்கேதான் நிறுத்த முடியும். கம்ப்யூட்டரிலிருந்து கேமை நீக்கிவிட்டால் சந்தா நிற்காது; இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். நிறுத்தியதும் எந்தத் தேதி வரை பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் காட்டும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வரும் மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள். கட்டிய நாள் வரை ஆடலாம். மீதி நாளுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது வங்கி. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. இந்திய வங்கி கொடுத்த கார்டிலிருந்து இப்படித் தவணை தவறாமல் பணம் எடுக்க வேண்டுமென்றால், வங்கி குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பணம் எடுப்பது வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும் இதே விதிதான். 15,000 ரூபாய்க்குள் இருக்கும் தவணைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள். உங்கள் கணவரின் போனில் பழைய எஸ்எம்எஸ்களைத் தேடிப் பாருங்கள். தொகை, தேதி, நிறுவனத்தின் பெயர் மூன்றும் இருக்கும். பெயர் கேமின் பெயராக இல்லாமல் பணம் வசூலிக்கும் வேறொரு நிறுவனத்தின் பெயராக இருக்கலாம். தொகையை வைத்துக் கண்டுபிடியுங்கள். வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குள் 'ஈ-மேண்டேட்' அல்லது 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று இருக்கும். அங்கே அந்த அனுமதியை ரத்து செய்யலாம். கட்டணம் கிடையாது.

இவ்வளவு எளிதான வேலைக்குக் கிளைக்குப் போனால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "கார்டை பிளாக் பண்ணிட்டு புதுசு வாங்கிக்கோங்க." விதி வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் கவுன்டரில் இருப்பவருக்கு அந்த மெனு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? கார்டை பிளாக் செய்தால் அதே கார்டில் போய்க்கொண்டிருக்கும் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் சேர்ந்து நிற்கும். கேமில் வேறொரு கார்டு பதிவாகி இருந்தால், சில இடங்களில் அடுத்து அதில் கைவைப்பார்கள்.

அதனால்தான் உங்கள் கொழுந்தனாரின் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் இது பல வீடுகளில் உள்ள விஷயம். பிரான்சில் சித்தப்பா, அத்தை இருப்பார்கள். சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகளில், தாத்தாவின் பிரெஞ்சு பென்ஷன் போகும் கார்டே வீட்டில் இருக்கும். பிள்ளைகள் கேட்டால் அந்த கார்டைக் கொடுத்துவிடுவார்கள். மேலே சொன்ன 24 மணி நேரத் தகவல், செயலியில் ரத்து செய்யும் வசதி எல்லாம் இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டுகளுக்கு மட்டும். பிரெஞ்சு வங்கியின் கார்டு ரிசர்வ் வங்கியின் விதிக்குள் வராது. கார்டு வைத்திருப்பவர் புதுச்சேரியிலேயே குடியிருந்தாலும் வராது. நீங்கள் இங்கே எந்த வங்கியிலும் முறையிட முடியாது. உங்கள் கணவரின் கார்டுக்கு மாற்றிய பிறகும் பழைய கார்டு 'பேமென்ட் முறைகள்' பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் சந்தாவை நிறுத்திவிட்டு அந்த கார்டை அங்கிருந்து நீக்குங்கள். சந்தா நடப்பில் இருக்கும்போது சில இடங்களில் நீக்க விட மாட்டார்கள். கொழுந்தனார் தன் வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் பெயரில் இன்னும் ஏதாவது போகிறதா என்று சொல்லட்டும். போனால் அவர்தான் தன் வங்கியிடம் பேச வேண்டும். "எந்த கார்டு என்று பார்க்கணும், போட்டோ அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்காதீர்கள். கடைசி நான்கு எண் போதும்.

இனி கடைக்காரர். அவரை எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு கேம் விதியை மாற்றும் நேரத்தில்தான் இடைத்தரகர்கள் புறப்படுகிறார்கள். அவர்கள் செய்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அனுமதியை ரத்து செய்யும்போது வங்கி ஓடிபி கேட்கும். "கேன்சல் பண்ணத்தான் சார்" என்று தரகர் அதைக் கேட்பார். அந்த நிமிடத்தில் வரும் ஓடிபி ரத்துக்கானதா, வேறொரு வாங்கலுக்கானதா என்று அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. ஓடிபியை நீங்களே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில்தான் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. இன்னொரு வகை, "ரீஃபண்ட் வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பது. பணம் வாங்குவதற்கு யாரும் பின் போட வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் உங்களை விட்டுப் போகிறது என்று அர்த்தம். கேம் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் போனில் போடச் சொல்பவரும் இதே கூட்டம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

கணக்கை விற்பது வேண்டவே வேண்டாம். கேம் கணக்கை அடுத்தவருக்கு மாற்றக் கூடாது என்று நிறுவனங்களின் விதிமுறையிலேயே இருக்கும், தெரிந்தால் முடக்கிவிடுவார்கள். அது போனால் போகட்டும். அந்தக் கணக்கில் உங்கள் கணவரின் பெயரும், மகனின் மின்னஞ்சலும், ஒருவேளை கார்டும் இருக்கிறது. வாங்கியவர் அதை வைத்து நாலு பேரை ஏமாற்றினால் போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. பாதி விலையில் கேம் காசு தருகிறேன் என்பவரிடமும் வாங்கக் கூடாது. திருட்டு கார்டில் வாங்கிய காசாக இருந்தால் நிறுவனம் அதைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் மகனின் கணக்கையும் மூடும்.

சந்தா கட்டுவதே சட்டவிரோதம் என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். 2025இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. பந்தயம் இல்லாத விளையாட்டுக்குச் சந்தா வாங்க அது இடம் கொடுக்கிறது.

நிறுத்திய பிறகும் பணம் எடுத்தால், ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து நிறுவனத்துக்கும் வங்கிக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். எடுக்க உரிமையுள்ள பழைய தவணையைப் பற்றி வங்கியில் தகராறு கிளப்பாதீர்கள். கேம் கணக்கு முடங்கும். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். நிறுவனத்தின் மீது 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் இந்தியாவில் அலுவலகமே இல்லாத நிறுவனத்துக்கு நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் வாய்தா மேல் வாய்தா ஆகிவிடும். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட உரிமை கொடுத்த சட்டம், பணத்தை அந்த நிறுவனத்திடமிருந்து வசூலித்துக் கொடுக்க வழி வைக்கவில்லை என்ற கோபம் எனக்கு உண்டு. அடுத்த தவணைத் தேதி எது என்று இன்றே பாருங்கள், அதற்கு நான்கைந்து நாள் முன்பே கேம் தளம், வங்கி என்று இரண்டு இடத்திலும் நிறுத்திவிடுங்கள்.