தங்கத் துகளும் பலாக்கொட்டைப் புரதமும்: கேட்டவையும் சொன்னவையும்

செல் வளர்ப்புக் கூடத்தில் தங்க நானோ துகளோடு பல வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். தாவரப் புரதம் பூசிய துகள்களின் நச்சுத்தன்மைப் பரிசோதனை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில்.

வாணி: தங்கம் எதனோடும் வினைபுரியாத உலோகம் ஆயிற்றே அக்கா, அதற்கு ஏன் நச்சுப் பரிசோதனை?

நகைத் தங்கம் வேறு, இது வேறு. 1.4 நானோமீட்டர் தங்கத் துகள் செல்களைக் கொல்வதையும், 15 நானோமீட்டர் துகள் சும்மா இருப்பதையும் 2007-இல் ஜெர்மனியில் காட்டிவிட்டார்கள். அளவு மாறினால் குணம் மாறும். மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். தங்கக் குச்சிகள் செய்யப் பயன்படும் சிடேப் என்ற வேதிப்பொருளைச் சரியாகக் கழுவாமல் விட்டால், செல்லைக் கொல்வது அதுதான். பழி மட்டும் தங்கத்துக்கு!

செந்தில்: பலாக்கொட்டையிலிருந்து ஜாக்கலின் என்ற புரதத்தை எடுத்துத் துகளில் பூசியிருக்கிறேன். சாப்பிடும் பொருள்தானே, பாதுகாப்பானது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ஆமணக்கு விதையில் இருக்கும் கொடிய விஷமான ரிசினும் தாவரப் புரதம்தான். பலாக்கொட்டையை நாம் வேகவைத்துத் தின்கிறோம், ரத்தத்தில் ஏற்றுவதில்லை. ஜாக்கலின் ஒரு லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம். செல்லின் மேலுள்ள காலக்டோஸ் வகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பணுக்களைக் கட்டியாக ஒட்டவைக்கும். புற்றுசெல்லுக்கு மருந்தைக் கொண்டுபோக அதைத் தேடுவதே இந்தப் பிடிமானத்துக்காகத்தான். ஒரே துகளில் பல மூலக்கூறுகள் உட்கார்ந்தால் பிடி இன்னும் இறுகும். அதனால் புரதத்தைத் தனியாகச் சோதித்த முடிவு பூசிய துகளுக்குப் பொருந்தாமல் போகலாம்.

நான்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள்: வெறும் துகள், வெறும் புரதம், பூசிய துகள், அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியபின் மேலே நிற்கும் தெளிநீர். கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒட்டாமல் மிஞ்சிய புரதமும் கழுவப்படாத வேதிப்பொருளும் அதில்தான் இருக்கும். அப்புறம், காலக்டோஸ் சேர்த்து ஒரு முறை செய்து பாருங்கள். நச்சு குறைந்தால் வழி லெக்டின் பிடிமானம் என்று தெரியும்.

ரத்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. சிவப்பணு சிதைந்தால் வெளிவரும் ஹீமோகுளோபினை 540 நானோமீட்டர் அலைநீள ஒளியின் அருகே அளக்கிறோம். கட்டியாக ஒட்டிய அணுக்கள் உடையாமல் இருந்தால் கருவி 'எல்லாம் நலம்' என்றே சொல்லும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள்.

மீனா: செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தால் அறியும் எம்டிடி சோதனையில் செல் உயிர்ப்பு 130 சதவீதம் வருகிறது. துகள் செல்லை வளர்க்கிறதா?

வளர்க்கவும் செய்யலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நிறத்தை. உயிருள்ள செல் உண்டாக்கும் ஃபார்மசான் என்ற பொருளின் ஊதா நிறத்தை 570 நானோமீட்டர் ஒளியில் படிக்கிறோம். தங்கத் துகள் 520 அருகே ஒளியை உறிஞ்சும், ஒன்றோடொன்று ஒட்டினால் அது 570 பக்கம் நகரும். ஆக, செத்த செல்லிலும் தங்கம் ஒட்டியிருந்தால் உயிர்ப்பு மாதிரித் தெரியும். செல் இல்லாத குழிகளிலும் அதே அளவு துகளை வைத்து அளந்து கழித்துப் பாருங்கள். தட்டைச் சுழற்றித் தெளிந்த கரைசலை வேறு தட்டுக்கு மாற்றிப் படித்தால் இன்னும் நல்லது. எனக்கே ஒரு முறை இப்படி அருமையான முடிவு வந்து, நான்கு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

ரஃபீக்: கரைசலை ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியால் கிருமி நீக்கிவிட்டேன். இனி எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சைப் பற்றிக் கவலை இல்லையே?

இருக்கிறது. பாக்டீரியா சாகும், அதன் எண்டோடாக்சின் அந்தச் சூட்டுக்கு அடங்காது. புரதமும் கெட்டிருக்கும். வடிகட்டிக் கிருமி நீக்குங்கள், கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி வையுங்கள். வடிகட்டினாலும் கரைசலில் ஏற்கெனவே உள்ள எண்டோடாக்சின் போகாது, அதை அளந்து பார்த்த பிறகே அழற்சி முடிவுகளை நம்புங்கள்.

கவிதா: துகள் மரபணுவைச் சிதைக்கிறதா என்று அறிய, பாக்டீரியாவை வைத்துச் செய்யும் ஏம்ஸ் சோதனை போதுமா?

போதாது. பாக்டீரியாவுக்குள் இந்தத் துகள் எளிதில் நுழையாது. பாலூட்டிச் செல்லில் குரோமோசோம் சேதத்தைக் காட்டும் மைக்ரோநியூக்ளியஸ் சோதனை செய்யுங்கள்.

முருகேசன்: சித்த மருத்துவத் தங்கபற்பமும் இதுதானே ஐயா?

ஐயா இல்லை, அம்மா! இரண்டும் ஒன்றல்ல. புடமிட்டு எடுக்கும் பொடியின் அளவும் மேற்பரப்பும் வேறு. இதன் முடிவை அதற்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

பிரபு: எலிக்குப் போகும் முன் வரிக்குதிரை மீன் முட்டையில் பார்க்கலாமா?

தாராளமாக. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 236-ஆம் சோதனை வழிகாட்டுதல்படி 96 மணி நேரம். ஆனால் மீன் நீரிலுள்ள உப்பில் துகள் ஒட்டி அடியில் படியும், கரைசலின் சிவப்பு நீலமாக மாறும். நீங்கள் போட்ட அளவு ஒன்று, கருவுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு. தினமும் நிறத்தைக் குறித்து வையுங்கள். எலி என்றால் நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். நரம்பில் செலுத்திய தங்கம் பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் உட்காரும் என்பதால், ஒரு வாரத்தோடு முடித்துவிடாதீர்கள்.