பூத்தையல் இயந்திரத்தில் நூல் இறுக்கம்: கேள்வியும் பதிலும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் பூத்தையல் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதிலளிக்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் நாங்கள் 'ரென்ஷன்' என்று சொல்லும் நூல் இறுக்கத்தைப் பற்றியவை. திருகாணியில் கைவைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும், துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பதையே ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (பரந்தன்): அக்கா, ஒற்றை ஊசிப் பூத்தையல் மெசின் வாங்கி இரண்டு மாதமாகிறது. சிவப்பு நூலில் பூ தைத்தால் ஓரங்களில் அடிநூலின் வெள்ளை புள்ளி புள்ளியாக மேலே தெரிகிறது. மேல்நூலைத் தளர்த்துவதா, அடிநூலை இறுக்குவதா?

பதில்: முதலில் இரண்டு நூல்களும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதை விளங்கிக்கொண்டால் மீதி இலகுவாகிவிடும். சட்டை தைக்கும்போது மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். பூத்தையலில் அப்படியல்ல. அடிநூல் மேலே அறவே தெரியக்கூடாது என்பதால், மேல்நூலைச் சற்றுத் தளர்வாக விட்டு, அது துணியின் பின்பக்கம்வரை இறங்கி அங்கே பின்னிக்கொள்ளும்படி வைக்கிறோம். ஆகவே சரியான இறுக்கத்தில் தைத்த ஒரு சாட்டின் பட்டையை (நூல் குறுக்கே நெருக்கமாக ஓடும் தையற் பட்டையை) புரட்டிப் பார்த்தால், நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாகவும், அதன் இருபுறமும் மூன்றில் ஒவ்வொரு பங்கு மேல்நூலின் நிறமாகவும் இருக்கும்.

பரீட்சித்துப் பார்க்க ஆங்கில 'ஐ' எழுத்தை 25 மில்லிமீற்றர் உயரமும் 4 அல்லது 5 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சாட்டின் பட்டையாகத் தையுங்கள். பின்பக்கத்தில் வெள்ளை மூன்றில் ஒரு பங்கைவிட அகலமாக இருந்தால் மேல்நூல் இறுக்கம் கூடியிருக்கிறது அல்லது அடிநூல் தளர்ந்திருக்கிறது. வெள்ளையே தெரியாவிட்டால் நிலைமை நேரெதிர். உங்களுடைய பட்டையில் பெரும்பாலும் வெள்ளை அகன்றிருக்கும். அப்படியிருந்தாலும் உடனே திருக வேண்டாம். நூற்கட்டையின் விளிம்பில் உள்ள வெட்டில் நூல் மாட்டி இழுபடுகிறதா, நூல் செல்லும் வழியில் எங்காவது இருமுறை சுற்றியிருக்கிறதா, அடிநூல் சுற்றிய பொபினை வைக்கும் கூடான பொபின் கேஸில் பஞ்சுத்தூசு அடைந்து, நூலை அழுத்தும் தகடு தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் மாத்திரம் மேல்நூல் இறுக்கக் குமிழின் எண்ணை அரை எண் குறைத்து, மறுபடி அதே எழுத்தைத் தைத்து, மறுபடி புரட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைத் திருத்தியது என்று உங்களுக்கே தெரியாமற் போய்விடும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அடிநூலின் இறுக்கத்தை அளக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. கையால் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். பல வருடங்களாக நானும் அப்படித்தான் பார்த்தேன். நூல் சுற்றிய பொபினைக் கேஸில் இட்டு, நூலைத் தகட்டின் அடியால் எடுத்து, நுனியைப் பிடித்து மறு உள்ளங்கைக்கு மேலே தொங்கவிடுங்கள். கேஸ் தானாகவே வழுகிக் கீழே வந்தால் நூல் தளர்வு. மணிக்கட்டை மெல்ல ஒருமுறை உதறும்போது 3 முதல் 5 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால் சரி. உதறியும் இறங்காவிட்டால் இறுக்கம். கருவி வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அடிநூலுக்கு 18 முதல் 22 கிராம், பொலியெஸ்டர் மேல்நூலுக்கு ஏறக்குறைய 100 முதல் 130 கிராம் என்பது வழக்கமான அளவு. ரேயன் நூல் அதைவிட வலிமை குறைந்தது, ஆகவே சற்றுக் குறைவாக வைக்க வேண்டும்.

கேஸின் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு திருகாணிகள் இருக்கும். பெரியதுதான் இறுக்கத்தை மாற்றுவது. சிறியது தகட்டைப் பிடித்து வைத்திருப்பது, அதைத் தொடவே வேண்டாம். பெரியதைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். வலப்புறம் திருகினால் இறுகும், இடப்புறம் திருகினால் தளரும். ஒருமுறைக்கு 5 நிமிடக் கோட்டளவுக்கு மேல் திருகக்கூடாது.

இந்த வேலையை எங்கே இருந்து செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். தொழில் தொடங்கிய புதிதில் மண்விறாந்தையில் குந்தியிருந்து, பாடசாலை இலச்சினை வேலையொன்று அரைவாசியில் நிற்க, அவசரத்தில் அந்தத் திருகாணியை முழுதாகக் கழன்றுவிழும்வரை திருகிவிட்டேன். எள்ளை விடச் சற்றுப் பெரிய ஒரு இரும்புத் துண்டு மணலில் விழுந்தால் கண்ணால் தேடிப் பயனில்லை. இருட்டும்வரை தேடிக் களைத்த பிறகு, பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கழற்றிப் பொலித்தீன் பையொன்றால் சுற்றி, மணலில் வரி வரியாக இழுத்துப் போனேன். மூன்றாவது வரியில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து சுளகில் வெள்ளைத் துணி விரித்து அதற்கு மேலேயே கேஸைத் திறக்கிறேன். உங்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

கேள்வி (மல்லாவி): துணிக்கு அடியில் நூல் பந்தாகச் சிக்கி ஊசித்தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது. மேல்நூலை 9 வரை இறுக்கியும் மாறவில்லை. அடிநூல்தானே பிழை?

பதில்: அடியில் தெரிகிற சிக்கு அநேகமாக மேல்நூலின் பிழை. சிக்கியிருக்கும் பந்தின் நிறத்தைப் பாருங்கள், மேல்நூலின் நிறமாகவே இருக்கும். தையற்பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். பாதம் இறங்கியிருக்கும்போது மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் இறுக்க வட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு இடையில் போகாமல் மேலேயே கிடக்கும், பிறகு 9 என்றாலும் 2 என்றாலும் ஒன்றுதான். நூலை முழுதாக எடுத்துவிட்டு, பாதத்தை உயர்த்தி, மீண்டும் கோவுங்கள். பாதத்தை இறக்கிய பின் ஊசிக்குக் கீழே நூலை இழுத்தால் கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். எண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

கேள்வி (வவுனியா): எங்கள் கடையில் ஆறு ஊசி மெசின். ஐந்து நிறம் நன்றாக வருகிறது, கறுப்பு மட்டும் மேலே தளர்ந்து வளையம் வளையமாக நிற்கிறது. வேலை செய்கிற தம்பி பொபின் கேஸை மாற்றச் சொல்கிறார்.

பதில்: மாற்ற வேண்டாம். ஆறு ஊசிக்கும் பொபின் ஒன்றுதான். ஐந்து நிறம் சரியாக வருகிறதென்றால் அடிநூலில் குற்றம் இல்லை. கறுப்பு ஊசிக்குரிய இறுக்கக் குமிழையும், அதன் வட்டுகளுக்கிடையில் தூசு அல்லது அறுந்த நூல் துண்டு இருக்கிறதா என்பதையும், நூலை மீளச் சுண்டும் சிறு வில் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல ஊசி இயந்திரத்தில் எப்போதும் பொபினை முதலில் சரிப்படுத்தி, பிறகு ஒவ்வொரு மேல்நூலையும் அதற்கு இணங்க வைக்க வேண்டும். ஒரு நிறத்துக்காகப் பொபினை மாற்றினால் மற்ற ஐந்தும் கெட்டுவிடும்.

கேள்வி (மன்னார், மடு வீதி): ஆவணி (ஓகஸ்ட்) மாதம் 15ஆம் திகதி மடுத் திருவிழாவுக்கு முன் பீடத்துணி ஒன்றைச் சரிகை நூலில் தைத்து முடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நூல் அறுகிறது. எவ்வளவு தளர்த்தலாம்?

பதில்: சரிகை நூல் ஒரு மெல்லிய தகட்டை உள்நூலின் மேல் சுற்றியது. முறுக்கேறினால் தகடு உரிந்துவிடும்; உரிந்த தகடு ஊசிக்கண்ணில் அடைத்து நூலை அறுக்கும். எனவே இறுக்கத்தைத் தளர்த்துவது பாதி வேலை மட்டுமே. வழமையான எண்ணிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை குறைத்துப் பாருங்கள், அதற்கு மேல் குறைத்தால் மேலே வளையங்கள் நிற்கும். மீதியை வேறு வழிகளில் பெற வேண்டும். கண் பெரிதான 90/14 ஊசி ஒன்று போடுங்கள். நூற்கட்டையை மெசினிலிருந்து ஒரு முழம் தள்ளி நிமிர்த்தி வைத்தால், சுருளோடு வரும் நூல் வழியிலேயே நேராகிவிடும். வேகத்தை நிமிடத்துக்கு 500 அல்லது 600 தையலுக்குக் குறையுங்கள். அடியில் வழமையான மெல்லிய பொலியெஸ்டர் நூலையே வைத்திருங்கள். அடியிலும் சரிகை போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அதற்கு அவசியமே இல்லை. சிலுவைக் குறிபோன்ற அடர்த்தியான பகுதிகளில் தையல் அடர்த்தியையும் சற்றுக் குறைத்தால் நூல் தன்மேல் தானே உரசாது. திருநாளுக்கான துணி என்பதால் முதலில் அதே துணியின் மிச்சத் துண்டில் ஒரு சிலுவையை முழுதாகத் தைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): விளையாட்டுப் போட்டிக்கு ரீசேட்டில் இல்லச் சின்னம் தைக்கிறோம். துணியைப் பூட்டும் வளையத்திலிருந்து எடுத்ததும் சின்னத்தைச் சுற்றிச் சுருங்குகிறது. எவ்வளவு தளர்த்தினாலும் சுருக்கம் போகவில்லை.

பதில்: போகாது, ஏனெனில் இது பெரும்பாலும் நூல் இறுக்கத்தின் வேலை அல்ல. ரீசேட் துணியை வளையத்தில் இழுத்துப் பூட்டியிருக்கிறீர்கள். இழுபட்ட நிலையில் தைத்து, பிறகு விட்டதும் துணி தன் அளவுக்குத் திரும்புகிறது, தையலோ திரும்புவதில்லை, அதனால் நடுவில் சுருக்கம் விழுகிறது. துணியை இழுக்காமல் தட்டையாக வைத்து, அடியில் தாங்கலுக்கு வைக்கும் தாள்களில், தைத்த பின் வெட்டியெடுக்கும் வகையை இட்டுப் பூட்டுங்கள். கையால் கிழித்தெடுக்கும் தாள் பருத்திச் சட்டைத் துணிக்கு உதவும், பின்னலாடைக்கு உதவாது. ஊசி உருண்டை முனையுள்ள 75/11 ஆக இருக்கட்டும்.

இவை எல்லாம் செய்த பிறகும் சுருக்கம் மிஞ்சினால், அப்போது இறுக்கத்தைப் பாருங்கள். பொலியெஸ்டர் நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மேல்நூலும் அடிநூலும் இரண்டுமே இறுக்கமாக இருந்தால் பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அழகாகத்தான் தெரியும், ஆனால் துணி சுருங்கும். பொபினை மிக வேகமாகச் சுற்றினாலும் இதே நிலை, ஏனெனில் நீண்டபடி சுற்றப்பட்ட நூல் தைத்த பின் சுருங்குகிறது. எனவே பொபினை நடுத்தர வேகத்திலேயே சுற்றுங்கள்.

கேள்வி (பூநகரி): காலையில் சரியாக இருக்கும் இறுக்கம் பின்னேரத்தில் மாறிவிடுகிறது. ஒன்றையும் தொடவில்லை. இப்படி நடக்குமா?

பதில்: சோளகக் காற்று வீசும் காலத்தில் பூநகரியில் நடக்கக் கூடியதுதான். காற்றோடு வரும் புழுதி நூலில் படிந்து, நூலோடு பொபின் தகட்டின் அடியில் போய்ச் சேர்கிறது. நூலின் பஞ்சுத்தூசும் அங்கேயே அடைகிறது. ஒரு மயிரளவு அடைந்தாலும் தகடு நூலை அழுத்தாது, அடிநூல் தளர்ந்து வெள்ளை மேலே வரும். ஒவ்வொரு முறை பொபின் மாற்றும்போதும் ஒரு தடித்த அட்டையின் மூலையைத் தகட்டின் அடியில் நூல் போகும் திசையிலேயே விட்டு இழுத்துவிடுங்கள். ஊசியைத் தகட்டுக்கு அடியில் விட்டுக் கிளற வேண்டாம், கீறல் விழுந்தால் கேஸையே மாற்ற வேண்டி வரும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் துருவாகும். நூற்கட்டைகளை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். மாரியில் அந்தப் பெட்டி ரேயன் நூலையும் காப்பாற்றும், ஈரமானால் ரேயன் தன் வலிமையில் நிறைய இழந்துவிடும்.

கேள்வி (கிளிநொச்சி): மின்சாரம் நின்று வந்த பிறகு தொடங்கினால் முதல் சில தையல்கள் தளர்ந்து நிற்கின்றன.

பதில்: நின்ற இடத்திலிருந்தே தொடங்க வேண்டாம். வடிவத்தில் 8 அல்லது 10 தையல் பின்னே சென்று, மேல்நூலை மீண்டும் கோத்து, நுனியைக் கையால் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். முதல் சில தையலுக்குப் பின் நுனியை வெட்டிவிடலாம்.

கேள்வி (நெடுங்கேணி): பிள்ளை, எனக்குக் கரண்ட் மெசின் இல்லை. காலால் மிதிக்கிற பழைய மெசினில் வளையம் போட்டுக் கையால் நகர்த்தித் தலையணை உறைக்குப் பூப்போடுகிறேன். துணிக்கு அடியில் நூல் குவிந்து குவிந்து நிற்கிறது.

பதில்: அம்மா, கையால் வளையத்தை நகர்த்துவதற்காகத் தையற்பாதத்தைக் கழற்றி வைத்திருப்பீர்கள், அது சரிதான். ஆனால் பாதம் இல்லையென்பதால் அதைத் தூக்கி இறக்கும் நெம்புகோலை உயர்த்தியபடியே விட்டிருப்பீர்கள். பாதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நெம்புகோல் இறங்கினால்தான் மேல்நூலின் வட்டுகள் மூடும். இறக்கிவிட்டுத் தைத்துப் பாருங்கள், அரைவாசிக் குவியல் உடனே நின்றுவிடும்.

மீதிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சட்டை தைக்கிற தடித்த நூலையே பூவுக்கும் போடுவது. 40ஆம் இலக்கப் பூநூல் ஒன்று வாங்குங்கள். இலக்கம் கூடக் கூட நூல் மெல்லிதாகும், 40 என்றால் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நூல் 1 கிலோகிராம் நிறை என்பது கணக்கு. அதற்கு 11ஆம் இலக்க ஊசி போதும். மற்றது, துணி ஊசித்தகட்டோடு ஒட்டாமல் எழும்பி நிற்பது. கைத்தையல் வேலைக்குப் போலன்றி வளையத்தைத் தலைகீழாக, துணி தகட்டின் மேல் படியும்படி பூட்டி, பறைபோல் இறுக்கமாக வையுங்கள். துணியை நகர்த்தும் பற்களை இறக்கவோ மூடவோ வேண்டும். அதன் பிறகு மேல்நூல் குமிழைச் சட்டை தைக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தளர்த்தி, ஒரு இலையை மட்டும் தைத்து, உறையைப் புரட்டி அடிநூல் நடுவில் ஒடுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். மிதிக்கிற கால் ஒரே சீராக இருக்க, கை மெதுவாகவே நகரட்டும். கை முந்தினால் ஊசி வளைந்து தகட்டில் அடிக்கும்.